வெறும் வயிற்றில் அரளி

நீலசந்திரா,
பெங்களூர்.
17.1.1999

அன்புள்ள தங்கை யசோதாவுக்கு அக்கா சங்கமித்ரா எழுதுவது.

இங்கே நானும் உன் மாமாவும் இருக்கிறோம். நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், அதனால் இருக்கிறோம் என்று மட்டும் எழுதுகிறேன். நீயும், உன் வீட்டுக்காரரும், பிள்ளைகள் இரண்டு பேரும், வயிற்றில் இருப்பதும் குறையில்லாமல் இருக்க வேண்டும்.

உன் கடிதம் கார்த்திகையிலேயே வந்துவிட்டது. பொங்கலும் போய்விட்டது, அக்கா ஒரு வரிகூடப் போடவில்லையே என்று கோபமாக இருப்பாய். கோபப்படு, உனக்கு உரிமை உண்டு. மாசியில் மூன்றாவது பிறந்துவிடும், பிறந்ததும் உன் மடியில் போடுகிறேன், அன்றைக்கே எனக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்துவிடுவார்கள், இனிமேல் நீ ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைய வேண்டாம் அக்கா என்று எழுதியிருந்தாய். குடியாத்தத்திலிருந்து ஊறுகாய் கொடுத்தனுப்புகிற மாதிரி எழுதிவிட்டாய். அதற்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ ஒரு வார்த்தை சொல்ல எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

கடிதத்தில் இன்னொன்றும் கேட்டிருந்தாய். எனக்குப் போட்ட கட்டை அவிழ்த்த பிறகும் ஏன் கரு தங்கமாட்டேன் என்கிறது என்று. நானும் உன்னைப் போலத்தான் நினைத்திருந்தேன். கௌதமன் பிறந்த மறுநாள் எனக்கு அந்த ஆபரேஷன் ஆனது. பெண் ஒன்று, ஆண் ஒன்று, போதும் என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சந்தோஷமாகத்தான் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கட்டிவிட்டார்கள், கட்டிவிட்டார்கள் என்று பேசிப் பேசி, பாவாடை நாடா மாதிரி ஏதோ ஒன்றைக் கட்டியிருக்கிறார்கள், வேண்டும்போது உருவிவிடலாம் என்று மனதில் பதிந்துவிட்டது. மல்லிகா காமாலையில் போனதும், அடுத்த வருடம் கௌதமன் ஓசூர் ரோட்டில் அடிபட்டுப் போனதும் உனக்குத் தெரியும், அதை நான் எழுதப் போவதில்லை. அதற்கப்புறம் நாங்கள் லேடி டாக்டரிடம் போய் உட்கார்ந்து, கட்டை அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டோம். அந்தம்மா முகத்தில் ஈயாடவில்லை. “யாரும்மா கட்டினது? ரெண்டு பக்கமும் கத்தரிச்சு விட்டிருக்காங்க. நான் ஒட்டுப் போட்டுத்தான் பாக்கணும்” என்றார். உன் மாமாவுக்கு உடனே தான் வேலை செய்கிற ஆடுகோடி லேத்துப் பட்டறை ஞாபகம் வந்துவிட்டது. வெல்டிங் மாதிரியா என்று கேட்டார். கிட்டத்தட்ட அப்படித்தான், சிலது பிடிக்கும், சிலது பிடிக்காது என்று அந்தம்மா சொன்னார்.

அந்த ஒட்டுப் போட்டு இரண்டு வருடம் முடிந்துவிட்டது. இரண்டு வருடமாக மாத்திரை, ஊசி, ஸ்கேன், இந்தத் தேதிக்கு வா, அந்தத் தேதிக்கு வா. நான் வேலை செய்கிற கார்மெண்ட்ஸில் சூப்பர்வைசர் ஓஸ்வால்ட் நல்ல மனிதர். லீவு கேட்டால் ஏன் எதற்கு என்று கேட்கவேமாட்டார், தரவும்மாட்டார். ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு அரை நாள் தாமதமாக வந்து, செக்கிங் மேசையில் சட்டைகளைப் புரட்டிப் புரட்டித் தையல் விட்ட இடத்தைத் தேடுவேன். மாதா மாதம் நாள் நெருங்கும்போது பாத்ரூம் போகவே பயமாக இருக்கும். பக்கத்து மேசைப் பெண்கள் என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டு, டீ நேரத்தில் எனக்கும் சேர்த்து ஒரு டம்ளர் வாங்கி வைப்பார்கள்.

போன ஆடியில் குடல்வால் ஆபரேஷன் ஆனது என்று உனக்கு எழுதியிருந்தேனே, அது குடல்வால் இல்லை. எனக்கு நாள் தள்ளியிருந்தது. சந்தோஷத்தில் உன் மாமாவிடம்கூட உடனே சொல்லவில்லை, கண் பட்டுவிடும் என்று பயம். பார்த்தால், அது கர்ப்பப்பைக்கு வந்து சேராமல் ஒட்டுப் போட்ட குழாயிலேயே தங்கிவிட்டது. விட்டுவைத்தால் குழாய் வெடித்து என் உயிருக்கே ஆபத்து என்று அந்தப் பக்கத்தையே எடுத்துவிட்டார்கள். இன்னொரு பக்கம் இருக்கிறது, நம்பிக்கையை விடாதே என்று டாக்டரம்மா சொன்னார். நம்பிக்கையை நான் விடவில்லை யசோதா. அதுதான் என்னை விடமாட்டேன் என்கிறது. எனக்கு உடம்பு ஓய்ந்துவிட்டது.

இப்போது உன் மாமா செய்த கூத்தை எழுதுகிறேன். பக்கத்து வீட்டு ராதாவை உனக்குத் தெரியும், கிருஷ்ணப்பா பெண்டாட்டி, கன்னடக்காரி. ரொம்ப நாளாக அவள் என்னை அரச மரம் சுற்றச் சொல்லிக்கொண்டிருந்தாள். உன் மாமாவுக்கு அந்தப் பேச்சே ஆகாது. “புத்தர் உக்காந்த மரம் அது. அதப் போய்ப் புள்ளைக்காகச் சுத்துவியா? உங்கப்பா கேட்டா என்ன சொல்வாரு?” என்று ஒரு தடவை என்னைப் பிடித்துக் கத்தினார். அதனால் இந்த முறை அவருக்குத் தெரியாமல் போய்வரலாம் என்று மார்கழி நடுவில் ஒரு நாள் குழாயடியில் ராதாவும் நானும் பேசிவைத்தோம். கன்னடத்தில் அரச மரத்துக்கு அரளி என்று பெயர். நானும் அவளோடு பேசும்போது அப்படியே சொல்லிப் பழகிவிட்டேன். “நாளைக்கு அரளிதான், முடிவு பண்ணிட்டேன். வெறும் வயித்துலதானே? அவருக்கு மட்டும் தெரிய வேணாம்” என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே முகம் துடைத்துக்கொண்டிருந்த உன் மாமா காதில் இது விழுந்திருக்கிறது.

பதினெட்டு வருடமாக இந்த ஊரில் இருந்தும் மனிதருக்குப் பட்டறைக் கன்னடம்தான் தெரியும், மரத்துக் கன்னடம் தெரியாது. நம் ஊரில் அரளி என்றால் எதற்கு என்று உனக்கே தெரியும். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காலையில் நான் குளித்துவிட்டு ராதாவோடு கிளம்பினதும், சமையல் அறையில் இருக்கிற டப்பா எல்லாவற்றையும் கவிழ்த்து அரளிக் கொட்டையைத் தேடியிருக்கிறார். பருப்பு, மிளகாய், காப்பித்தூள் எல்லாம் தரையில். கிடைக்கவில்லை என்றதும் கையோடு கொண்டுபோய்விட்டேன் என்று நினைத்து, சட்டைகூடப் போடாமல் துண்டோடு பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார்.

நாங்கள் மரத்தடியில் நாகர் கல்லுக்குப் பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்தோம். என்ன சொல்லிச் சுற்றுவது என்று எனக்குத் தெரியவில்லை, வாயில் வந்தது புத்தம் சரணம்தான். திரும்பிப் பார்த்தால் உன் மாமா மேடை ஓரத்தில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திட்டத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து அருகே போனேன். “இதுக்குப் பேரா அரளி?” என்று கேட்டார். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. ராதா சிரித்துச் சிரித்துப் புரையேறி நின்றாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதார். கௌதமனைத் தூக்கிக்கொண்டு வந்த அன்றைக்கு அழாத மனிதர்.

வீட்டுக்கு வந்து இரண்டு பேருமாகத் தரையில் உட்கார்ந்து பருப்பைப் பொறுக்கினோம். அப்போது சொன்னார்: “போதும் மித்ரா. யசோதா எழுதினதுக்கு சரின்னு போட்டுடு. நாம போய்த் தூக்கிட்டு வந்துடலாம். இந்த ஆஸ்பத்திரி வாடையே இனிமே நமக்கு வேணாம்.” இத்தனை வருடம் கூட இருந்தவர், நான் அரளியைத் தின்பேன் என்று கேட்டவுடனே நம்பியிருக்கிறார் என்றால், என் முகம் இந்த இரண்டு வருடம் எப்படி இருந்திருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் தினம் பொட்டு வைத்துக்கொள்கிறேன், எனக்குத் தெரியவில்லை. அந்தப் பருப்பைப் பொறுக்கி முடிக்கும்போதே மாத்திரையை நிறுத்திவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். டாக்டரம்மாவிடமும் போய்ச் சொல்லிவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை.

பிறகு சில நாள் உன் பிள்ளையைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தேன். மறைக்க மாட்டேன், எனக்கு ஆசையாக இருந்தது. செக்கிங் மேசையில் நின்றபடியே பெயர்கூட வைத்துவிட்டேன். பெண்ணாக இருந்தால் ஒன்று, ஆணாக இருந்தால் ஒன்று. அந்தப் பெயர்களை உனக்கு எழுதமாட்டேன். சரி என்று எழுதத்தான் பொங்கலன்று உட்கார்ந்தேன். எழுதுமுன் உன் கடிதத்தை இன்னொரு முறை படித்தேன். முதலில் படித்தபோது மடியில் போடுகிறேன் என்று நீ எழுதினது மட்டும்தான் என் கண்ணில் பட்டது. இந்தத் தடவை அன்றைக்கே என்ற வார்த்தை கண்ணில் பட்டது. கௌதமன் பிறந்த மறுநாள் ஞாபகத்துக்கு வந்தது. அதற்கு மேல் என் கை ஓடவில்லை.

வேண்டாம் யசோதா. பிள்ளை உன்னிடமே இருக்கட்டும். பால் குடிக்கும்போது அது உன் முகத்தைத்தான் பார்க்க வேண்டும். இதை நேற்று உன் மாமாவிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, முகம் மட்டும் விழுந்துவிட்டது. வேலைக்குக் கிளம்பிச் செருப்பை மாட்டிக்கொண்டே, “அவ மனசு நோகாம எழுது” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். உன் மனது நோகாமல்தான் எழுதுகிறேனா என்று எனக்குத் தெரியவில்லை. நீ கொடுக்கிறேன் என்று சொன்னதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். கூடப்பிறந்தவளைத் தவிர வேறு யார் சொல்வார்கள்?

இன்னொன்று, இதுதான் முக்கியம். அந்த ஆபரேஷனை இப்போது செய்துகொள்ளாதே. மூன்றாவதே எதிர்பாராமல் வந்தது, உடம்பு தாங்காது என்று நீ சொல்வது எனக்குப் புரிகிறது. உன் இடுப்பு வலியும் எனக்குத் தெரியும். அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. காப்பர் டி வைக்கலாம், வேண்டாதபோது எடுத்துவிடலாம் என்று டாக்டரம்மா சொன்னார். எல்லாம் நன்றாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு வருகிறேன். ஆபரேஷன் என்றாவது ஒரு நாள் செய்துகொள், பிள்ளைகள் கொஞ்சம் வளரட்டும். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று கேட்டு எழுதாதே. வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவளுக்கு அதை எழுதக் கூடாது. நீயும் அதை யோசித்துக்கொண்டு படுக்காதே.

நன்றாகச் சாப்பிடு. முருங்கைக்கீரையைக் கண்டால் முகத்தைத் திருப்பாதே. எங்கள் கம்பெனியில் ஒதுக்கின மெல்லிய காட்டன் துணி கிடைத்தது, பிள்ளைக்கு ஆகும் என்று துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். மாசி பிறந்ததும் வந்துவிடுகிறேன். ஓஸ்வால்ட் லீவு தராவிட்டால் வேலையை விட்டுவிட்டு வருகிறேன், வேறு கம்பெனியா இல்லை இந்த ஊரில். முதல் மாதம் முழுக்கப் பிள்ளையை நான்தான் குளிப்பாட்டுவேன், அந்த உரிமையை மட்டும் எனக்குக் கொடு.

ஒருவேளை நான் வந்து சேருமுன் உனக்கு வலி எடுத்துவிட்டால், வார்டில் நர்சம்மா கேட்பார்கள். உன் மாமியார் கேட்பார். உன் வீட்டுக்காரரும் நல்ல எண்ணத்தில்தான் கேட்பார். அந்த நேரத்தில் எதைக் கேட்டாலும் தலையை ஆட்டத்தான் தோன்றும், எனக்குத் தெரியும். நீ யாரோடும் வாதாட வேண்டாம், விளக்கம் சொல்ல வேண்டாம். “எங்க அக்கா வரட்டும்” என்று மட்டும் சொல்லு.

மூன்று பிள்ளைகளும் தீர்க்காயுசாக இருக்கட்டும்.

உன் அக்கா,
சங்கமித்ரா