மேரியின் வாயை அடைக்கப் போய்

1998 ஓகஸ்ட் 12, புதன்

எங்களைப் போன்ற தேயிலைத் தோட்ட நர்ஸ்மாருக்கு என்ன தகுதி வேண்டும் என்று தீர்மானிக்க, போன மாதம் மாத்தளையில் கூட்டம் வைத்தார்கள். பக்கத்துத் தோட்டத்து மேரி என்னைவிட அதிகம் பேசினாள். அவள் வாயை அடைக்க, "பிரசவம் பார்க்கச் சான்றிதழ் கட்டாயம்!" என்று எழுந்து முழங்கினேன். மேரியிடம் அது இல்லை. என்னிடமும் இல்லை என்பது, எல்லாரும் கைதட்டி முடித்த பிறகுதான் உறைத்தது.

இன்று கடிதம் வந்துவிட்டது. சான்றிதழ் இல்லாதவர் பிரசவம் பார்த்தால் வேலை போகும். ஆஸ்பத்திரிக்கே அனுப்ப வேண்டும்.

சாயந்திரம் நிறைமாதப் பார்வதி வந்தாள். அவளுடைய மூத்தவன் என் கையில் பிறந்தவன். விஷயத்தைச் சொன்னேன்.

"இருட்டுனா ஆமி செக்பொயின்ட்ல நம்ம தோட்டத்து லொறிய விடமாட்டாங்களே, அக்கா?"

"கடுதாசி அப்படித்தான் சொல்லுது, புள்ள."

"அப்ப அதை என் வயித்துக்கிட்ட வாசிச்சுக் காட்டுங்க. விடியிற வரைக்கும் உள்ளேயே இருக்கட்டும்."

இருவரும் சிரித்தோம். போகும்போது, "நீங்க வருவீங்கதானே?" என்று கேட்டாள். ஊர் வம்பெல்லாம் பேசும் என் வாய், "மழை வரப் போகுது, குடையக் கொண்டு போ, புள்ள" என்று மட்டும் சொன்னது.

தொப்புள்கொடி வெட்டும் கத்தரிக்கோலை அவித்துத் துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். பக்கத்திலேயே கடிதம். வெளியே நல்ல மழை. பார்வதியின் லயத்து வீட்டிலிருந்து கூப்பிட்டால்கூடக் கேட்காது என்று ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதியை நினைத்தால்தான் தூக்கம் வரவில்லை.