கார்த்திகையில் வந்த கருவாட்டு வாசனை

தோழி,

இன்று காலை மாடியிலிருந்து கருவாடு வறுக்கும் வாசனை இறங்கி வந்தது. புதிதாகக் குடிவந்திருக்கும் பிள்ளைகள். அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டு, கூடத்தில் நின்று மூக்கை உயர்த்தி முகர்ந்துகொண்டிருந்தேன். நிஜக் கருவாடுதான், நெத்திலி. சந்தேகம் தீர்ந்ததும் சிரிப்பு வந்தது, கூடவே உன் நினைப்பும். நீ இந்த உலகத்தை விட்டுப் போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. பால் பொங்கி வழிந்துவிட்டது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கடலூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி எங்கள் அலுவலகத்துக்கு வந்தாய். தீப மலைக்குப் பக்கத்தில், வேங்கிக்காலில் இருந்த அந்த அலுவலகத்தில் என் பக்கத்து மேசை உனக்கு. கொஞ்ச நாளிலேயே நம் சாப்பாட்டு டப்பாக்கள் இடம் மாறத் தொடங்கின. எங்கள் வீட்டு மாடி காலியாக இருந்ததால் உன்னைக் கூட்டிவந்து என் மாமியார் முன்னால் நிறுத்தினேன். அத்தை உன்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கார்த்திகை பொறந்துட்டா தீபம் முடியற வரைக்கும் இந்த வீட்டுல கவுச்சி கூடாது. நாங்களும் தொட மாட்டோம்."

நீ நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாய். கருவாடு இல்லாமல் உனக்குச் சோறு இறங்காது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

குடிவந்த அன்றே மாடியில் இருந்த ஒவ்வொரு சுவிட்சையும் புறங்கையால் தொட்டுப் பார்த்தாய். உங்கள் வீடு கடலைப் பார்த்தபடி இருந்த வீடு. உப்புக் காற்றில் சுவிட்சுக்குள் இருக்கும் பித்தளை களிம்பேறிவிடும், திருகாணி இளகிவிடும், பிறகு சூடாகும் என்றாய். நீயும் உன் தங்கைகளும் வளர்ந்ததே அப்படித் தொட்டுப் பார்த்துத்தானாம். "இங்க கடலு இல்லடி, மலைதான் இருக்கு" என்று உன்னை எத்தனை முறை கிண்டல் செய்திருப்பேன். நீ கோபித்துக்கொண்டதே இல்லை.

முதல் கார்த்திகை வந்தது. ஊரிலிருந்து உன் அம்மா அனுப்பிய கருவாட்டுப் பொட்டலத்தைக்கூடப் பிரிக்காமல், கொண்டுவந்தவரிடமே திருப்பிக் கொடுத்தாய். அப்படியும் ஒருநாள் விடியற்காலையில் அத்தையின் அறையில் கருவாட்டு வாசனை. மறுநாளும் வந்தது. விரதம் இருப்பவர், தலைக்கு ஊற்றிக்கொண்டு மலையைப் பார்த்துக் கும்பிடப் போகும் நேரம். அத்தைக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கடக்கரைப் பொண்ண குடி வச்சா இப்படித்தான். தீபம் முடிஞ்சதும் காலி பண்ணச் சொல்லிடு."

உன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் வாசனை என் மூக்கிலும் ஏறியதே, அதை எப்படி இல்லையென்பது? அத்தையோ என் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவரே மாடிப்படிக்குக் கீழே நின்று உன்னிடம் நேராகச் சொல்லிவிட்டார். வேறு ஊரில், வேறு யாரும் இல்லாத நீ, திருட்டுத்தனமாகக் கருவாடு வறுத்தவள் என்ற பெயரோடு வெளியேற வேண்டும். நானாக இருந்தால் அழுதிருப்பேன், இல்லை சண்டை பிடித்திருப்பேன்.

நீ கேட்டது இதுதான்: "எப்ப வருதும்மா? எங்க நின்னா ஜாஸ்தியா வருது?"

அடுத்த நாள் விடியலில், அத்தை முறைக்க முறைக்க, அவர் அறைக்குள் வந்தாய். பக்கெட்டில் ஹீட்டர் கம்பியைப் போட்டுத் தண்ணீர் சுட்டுக்கொண்டிருந்தது. வாசனையும் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு முறை இழுத்தாய்.

"இது கருவாடு இல்லடி. கருவாடு எனக்குத் தெரியாதா? இது சுவிட்சு தீயற நாத்தம். எங்க வீட்டுலயும் வரும்."

ஹீட்டர் மாட்டியிருந்த பிளக்கைவிட, பக்கத்திலிருந்த லைட் சுவிட்சுதான் அதிகமாகக் கொதித்தது. வெள்ளை மூடியின் ஓரம் பழுப்பேறியிருந்தது. காதை வைத்தால் மெல்லிய சடசடப்பு. என்னை மெயினை அணைக்கச் சொல்லி, ஸ்குரூ டிரைவரால் பலகையைக் கழற்றினாய். உள்ளே பச்சைக் களிம்பு, இளகிய திருகாணி, உருகிய வயர். ஹீட்டருக்குப் போகும் கரண்ட் அந்த இளகிய இடத்தைத் தாண்டித்தான் போகிறது, அதனால்தான் தண்ணீர் போடும்போது மட்டும் தீய்கிறது என்று காட்டினாய். பலகையின் பின்பக்கம் கரியாகியிருந்தது. அதை ஒட்டித்தான் அத்தையின் கட்டில். பலகைக்கு மேலே கொடியில் அவருடைய புடவை.

"இங்க உப்புக் காத்து ஏது?" என்றேன்.

நீ சுவிட்சின் இடுக்கிலிருந்து காய்ந்த சந்தனத்தைச் சுரண்டிக் காட்டினாய். வருடா வருடம் ஆயுத பூஜைக்கு அத்தை ஈரத்துணியால் சுவிட்சுப் பலகையைப் சொட்டச் சொட்டத் துடைத்து, சந்தனத்தைக் கரைத்து அப்பி, குங்குமம் வைப்பார். அந்த ஈரமெல்லாம் உள்ளேதான் இறங்கியிருக்கிறது. "சாமிக்குத்தாம்மா சந்தனக் காப்பு, சுவிட்சுக்கு வேணாம்" என்றாய். அத்தைக்குச் சிரிப்பு வரவில்லை. கரியான பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற வீடு பாத்துட்டியா?" என்று கேட்டார்.

"பாத்துட்டேம்மா. செங்கம் ரோட்டுல ஒரு ரூம்பு."

"வேணான்னு சொல்லிடு."

அவ்வளவுதான், மன்னிப்பெல்லாம் அத்தைக்கு வராது. தீபம் முடிந்த வாரத்தில் உன்னிடம் வந்து, "ஊர்லேர்ந்து கருவாடு வந்தா எனக்கும் ரெண்டு துண்டு குடு" என்றார். அதைத்தான் நாம் மன்னிப்பாக எடுத்துக்கொண்டோம்.

போகச் சொன்ன வீட்டுக்காக ஏன் இத்தனை பாடு என்று பிறகு உன்னைக் கேட்டேன். "போறதுக்கு முந்தி என் பேரச் சுத்தம் பண்ணிக்கலாம்னு பாத்தேன். வீடு பொழச்சது கொசுறு" என்றாய். நீ மாற்றலாகிப் போன பிறகும் அத்தை பல வருடங்கள் அதே கட்டிலில் படுத்து எழுந்தார், அதிலேயே நிம்மதியாகக் கண்ணை மூடினார். அந்த வருடங்கள் நீ கொடுத்தவை. உன்னிடம் இதை நேரில் சொல்லியிருக்கிறேனா என்று தெரியவில்லை. இப்போது சொல்கிறேன், நீ நன்றாக இருக்க வேண்டும், எங்கிருந்தாலும்.

இன்று இந்த வீட்டில் நான்தான் மாமியார். அரிசி சீக்கிரம் தீர்ந்தாலும் பாத்திரம் காணாமல் போனாலும் மருமகள் மேல்தான் முதலில் வாய் போகப் பார்க்கிறது. அந்த நேரத்தில் நீ கோபப்படாமல் கண்ணை மூடி முகர்ந்து நின்றது முன்னால் வந்து நிற்கும். நானும் போய் முதலில் பார்க்கிறேன். பார்த்தால் பாதிக்கு மேல் அவள்மேல் தப்பே இருக்காது. இப்படி நான் விழுங்கிய பேச்சு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது. உன்னை அவள் பார்த்ததும் இல்லை. அவளுடைய நன்றியையும் சேர்த்து நானே சொல்லிவிடுகிறேன்.