இறக்கத்தில் அணைக்கக் கூடாத எஞ்சின்

9.6.97 திங்கள்

காலையிலிருந்து மழை. ஷெட் ஒழுகுகிறது, வாளி வைத்தேன்.

அத்தானின் வெள்ளை எண்ணூறு சி.சி. கார். வால்வு வேலை சனிக்கிழமையே முடிந்தது. இன்று ஆயில் மாற்றி, குளத்தூர் வரை ஓட்டிப் பார்க்கப் போனேன். திரும்பும்போது ஏற்றத்தில் கடகடவென்று சத்தம். அவ்வளவுதான். எஞ்சின் இறுகிப்போயிற்று. குனிந்து பார்த்தால் ஆயில் நிற்கும் சம்பின் அடியில் இருக்க வேண்டிய போல்ட் இல்லை. ஓட்டை மட்டும். ஆயில் எல்லாம் வழியிலேயே கொட்டிவிட்டது.

காரணம் எனக்குத் தெரியும். போல்ட்டைக் கையால் திருகிவிட்டு ஸ்பானர் எடுக்கப் போனேன். அப்போது சபை உபதேசியார் ஸ்கூட்டரோடு வந்தார், பிளக் பார்க்க. சிரித்துப் பேசி அனுப்பினேன். ஸ்பானரை மறந்தேன். வழியில் ஆயில் விளக்கு எரிந்திருக்கும், அதையும் பார்க்கவில்லை. பதினெட்டு வருட மெக்கானிக்! மண்டையில் களிமண்.

அத்தானும் அக்காவும் நாகர்கோவிலில், மகள் பிரசவத்துக்கு. சனிக்கிழமை வருகிறார்கள். சபையில் ஆளைப் பிடித்து, "எனக்க மச்சினன் கை வெச்சா வண்டி பேசும், கேட்டியா" என்று சொல்லி எனக்கு வேலை அனுப்புகிற மனிதர். அவர் முகத்தில் எப்படி முழிப்பேன்?

10.6 செவ்வாய்

சனிக்குள் வேறு எஞ்சின் வேண்டும். களியக்காவிளை, பழைய சாமான் கடை. ஜப்பானில் கழித்துப்போட்ட எஞ்சின்கள், மெட்ராஸ் வழியாக வந்தவை. இந்த வண்டிக்குச் சேரும் அளவில் ஒன்றே ஒன்று. மூன்று சிலிண்டர். பக்கவாட்டில் பெரிய நத்தை மாதிரி ஓர் இரும்பு.

"இது டர்போ ஆக்கும்" என்றார் கடைக்காரர். "ரெண்டு மடங்கு இழுப்பு உண்டு. உனக்க வண்டிக்கு வேற ஒண்ணும் ஒக்காது."

டர்போவை லாரியில் பார்த்திருக்கிறேன். சின்ன காரில் பார்த்ததில்லை. வாங்கிவிட்டேன். வேறு வழி?

ஆட்டோவில் சாக்கு போட்டு மூடிக் கொண்டு வந்தேன். செக்போஸ்ட்டில் ஒருவர் எட்டிப் பார்த்தார். "என்னடே?" "பழைய எஞ்சின் சாறே." விட்டுவிட்டார்.

12.6 வியாழன்

நேற்றும் இன்றும் செய்தவை:
– எஞ்சினைத் தாங்கும் மவுண்ட் மூன்றில் இரண்டு பொருந்தின. மூன்றாவதுக்கு நெய்யாற்றின்கரை லேத்தில் பிளேட்.
– சைலன்சர் குழாயை வெட்டி, வளைத்து, வெல்டிங்.
– டர்போவுக்குத் தனி ஆயில் குழாய். சம்பு போல்ட்டை நாலு தடவை முறுக்கிப் பார்த்தேன். எழுதும்முன் இன்னொரு தடவை.
– ரேடியேட்டர் தாங்குமா? தெரியாது.
– ஆர்.சி. புத்தகத்தில் பழைய எஞ்சின் நம்பர். பிடித்தால் கேஸ்.

நாலரைக்கு ஸ்டார்ட் ஆனது. மிதித்தால் மெல்லிய விசில். கொஞ்ச நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. வெட்கக்கேடு.

அதற்கப்புறம்தான் உறைத்தது. எஞ்சின் புகை தள்ளுகிற வேகத்தில் அந்த நத்தைக்குள் ஒரு சக்கரம் சுற்றிக் காற்றைத் திணிக்கிறது. சூட்டோடு சட்டென்று அணைத்தால் ஆயில் ஓட்டம் நின்று அங்கேயே கரியும், சக்கரம் இறுகும். நிறுத்தும்முன் ஒரு நிமிடமாவது சும்மா ஓட விட வேண்டும். அத்தானோ முப்பது வருடம் பஸ் ஓட்டி ரிட்டயர் ஆனவர். இறக்கத்தைக் கண்டால் நியூட்ரலில் போட்டு எஞ்சினை அணைத்துவிடுவார், பெட்ரோல் மிச்சமாம். எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான். என் வொர்க்‌ஷாப் மேட்டில் இருக்கிறது. இங்கிருந்து அவர் கிளம்பினால் இறக்கத்துப் பள்ளிக்கூட வளைவிலேயே எஞ்சின் சத்தம் நின்றுவிடும்.

அணைக்காதே என்றால் ஏன் என்பார். ஏன் என்று சொன்னால் எல்லாம் சொல்ல வேண்டும்.

14.6 சனி

தூறல். அத்தான் வந்தார், அக்காவும் கூட. பேரன் பிறந்திருக்கிறான், லட்டு தந்தார்.

"வால்வு புதுசு அத்தான். இறக்கத்தில அணைக்காதீங்க. நிறுத்துமுன்ன ஒரு மினிட்டு ஓடட்டும்."

"எத்தனை நாளைக்கு?"

"ஆறு மாசம்."

"வால்வுக்கா?"

"ஆமா."

முகத்தையே பார்த்தார். "சரி மக்கா, வாறேன்." கிளம்பினார். வாசலில் நின்று காது கொடுத்தேன். பள்ளிக்கூட வளைவில் சத்தம் நின்றது.

15.6 ஞாயிறு

ஆராதனை முடிந்து வாசலில் அத்தான் எல்லாரிடமும்: "காட்டாக்கடை ஏத்தத்தில டாப் கியர்ல ஏறுதுலே! எனக்க மச்சினன் வேலை ஆக்கும்!" நாலு பேர் தோளில் தட்டினார்கள். பிரசங்கம் எதைப் பற்றி என்று கேட்டால் தெரியாது.

அக்கா தனியாக வந்து, "நேத்து பெருங்கடவிளை இறக்கத்தில என்னவோ கரியுத மணம்டே. கிளட்ச்சா இருக்குமோ?" என்றாள். "பாக்கேன் அக்கா."

வீட்டில் மனைவி மேரி: "அண்ணங்கிட்ட சொல்லிப்போடுங்க. அடிக்கவா போறாரு?" அடித்தால் வாங்கிக்கொள்வேன். பேசாமல் போய்விட்டால்? அதைத்தான் தாங்க முடியாது.

16.6 திங்கள்

வெயில். பத்து மணிக்கு அந்த விசில் மேடேறி வந்தது.

அத்தான் வண்டியை நிறுத்தினார், அணைக்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்து வாட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு நிமிடம். பிறகு சாவியைத் திருப்பி இறங்கினார்.

"மினிட்டு ஆச்சு. இனி சொல்லு. வால்வு விசிலடிக்குமா மக்கா?"

சொன்னேன். போல்ட், உபதேசியார், குளத்தூர் ஏற்றம், டர்போ, எல்லாம்.

"பானட்டைப் பொக்கிப் பாக்க எனக்குக் கண்ணு இல்லியா? சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் பாத்தாச்சு. நீயா சொல்லுவேன்னு இருந்தேன்."

அப்படியானால் நேற்று சபை வாசலில் தெரிந்துகொண்டேதான் என்னைப் புகழ்ந்தாரா?

"பழைய எஞ்சின் எங்க?" தார்ப்பாயை விலக்கினேன். சம்பு ஓட்டையில் விரலை விட்டபடி ரொம்ப நேரம் குனிந்து நின்றார்.

"நாளைக்கு ஆர்.சி. புக்கோட வாறேன். நம்பர் மாத்தணும். நீயும் கூட வரணும்."

சரி என்றேன். அவர் சிரிக்கவில்லை. காரை எடுத்தார். வாசலுக்கு ஓடினேன்.

பள்ளிக்கூட வளைவு. சத்தம் நிற்கவில்லை. கீழே பாலம் தாண்டும் வரை கேட்டது.