பதியாத ஏழாம் எண்

இன்று காலை பட்டறைக்குள் கால் வைத்ததும் சிவப்புச் சாயத்தின் நெடி மூக்கில் ஏறியது. இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெயில் குழைத்துப் பூசுவார்களே, அதே ஈயச் சாயம். முற்றத்தில் பாலத்துக்கான நான்கு கர்டர்கள், நீள இரும்பு உத்தரங்கள், தலை முதல் கால் வரை செக்கச் செவேலென்று கிடந்தன. அதில் ஒரு ரிவிட்டைக்கூட நான் இன்னும் தட்டிப் பார்க்கவில்லை. அதற்குள் பூசிவிட்டார்கள். உடனே உன் ஞாபகம்தான் வந்தது, தோஸ்து. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே முற்றத்தில், இதே நாற்றத்தில், நீ இடுப்பிலிருந்து பேனாக்கத்தியை எடுத்துக்கொண்டு நின்றாய்.

மாசியில் எண்ணூர்ப் பக்கம் உன்னை அடக்கம் செய்த அன்று, உன் உறவுக்காரர் ஒருத்தர், “பொழைக்கத் தெரியாத மன்சன், இன்னா பண்றது” என்றார். அவர் சட்டையைப் பிடித்திருப்பேன். எனக்கு என்ன யோக்கியதை என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்பதை உனக்குச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். பாதி உனக்குத் தெரியும். மீதியை நான் உன்னிடம் சொன்னதே இல்லை.

புளியந்தோப்பில் பௌத்தர்கள் கூடும் கொட்டகையில் ஞாயிறுதோறும் ஒன்றாக உட்கார்ந்து எழுத்துக் கற்ற இரண்டு பேரில், நீ கணக்கில் கெட்டி, நான் கையில் கெட்டி. அதனால் பட்டறையில் நான் ரிவிட் அடிக்கும் கூட்டத்துக்குத் தலைவன் ஆனேன், நீ அதைச் சோதிக்கிறவன் ஆனாய். பழுக்கக் காய்ந்த ரிவிட்டைத் துளையில் விட்டு, அது ஆறுவதற்குள் தலையை அடித்து மூடுவது என் வேலை. ஒரு பக்கம் கட்டை விரலை வைத்து, மறு பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது உன் வேலை. ஆட்டம் இருந்தால் விரல் சொல்லிவிடும். ஆடினால் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம் போடுவாய். வட்டம் விழுந்ததை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாக அடிக்க வேண்டும். எல்லாம் சரியென்றால் சான்றுத் தாளில் உன் எண்ணை எழுதி, அதே எண்ணை உருக்கு முத்திரையால் கர்டரின் முனையில் அடிப்பாய். உன் எண் ஏழு. ஏழு இல்லாத கர்டரை வாங்குகிறவர்கள் தொடமாட்டார்கள்.

அந்த வட்டம் எனக்கு அவமானமாக இருந்தது என்று உனக்குத் தெரியும். நீ வட்டம் போட்ட நாளில் அடுத்த உலைக்காரன்கள், “இன்னா மேஸ்திரி, இன்னிக்கு எத்தினி தோசை?” என்று கேட்பார்கள். நீயும் சிரிப்பாய். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ராயபுரத்தில் நிலக்கரி இறக்கும் துறைக்கு நடைபாலம் செய்த வாரம் அது. ஐப்பசிக் காற்று பேயாக அடித்தது. உலையிலிருந்து எடுத்த ரிவிட் துளைக்கு வருவதற்குள்ளேயே கறுத்துப்போனது. ஆறிய ரிவிட்டை அடித்தால் இறுகாது என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் அடித்தேன். பிறகு யாரும் பார்க்காதபோது உளியை எடுத்து, தளர்ந்தவற்றின் தலை ஓரத்தைச் சுற்றிக் கொத்தி, தட்டினால் ஆடாதபடி தகட்டோடு நெருக்கிவிட்டேன். மறுநாளே சரக்குப் போக வேண்டும் என்று மேனேஜர் அவசரப்பட்டு, சோதனைக்கு முன்பே சாயம் பூசச் சொன்னார். உளி வெட்டை அது மூடியது. அன்றைக்கு மேனேஜரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது எனக்கு. இதுதான் நான் சொல்லாத மீதி. உளி எடுக்க யாரும் எனக்குச் சொல்லவில்லை. உன் வட்டத்துக்குப் பயந்து நானாக எடுத்தேன்.

நீ சாயத்தின் மேலே தட்ட மறுத்தாய். கத்தியால் ஒவ்வொரு தலையைச் சுற்றியும் சுரண்டினாய். உளி வெட்டுகள் வெளியே வந்தன. ஒன்பது வட்டம் போட்டாய். என் கூட்டத்துக்கு எதிரிலேயே. நான் பாய்ந்து வந்தேன்.

“நம்ம ஆளுங்களயே மாட்டி வுடுறியா? எவன் பக்கம்டா நீ?”

நீ குரலைக்கூட உயர்த்தவில்லை. “ஒன் வூட்டுல காலீல எங்க வேலைக்குப் போவுது?” என்று மட்டும் கேட்டாய்.

என் பெண்சாதி அந்தத் துறையில்தான் கரிக்கூடை சுமந்தாள். நாளைக்கு அந்தப் பாலத்தின் மேல் கூடையோடு நடக்கப் போகிறவள் அவள். எனக்கு அது தோன்றவே இல்லை என்றால் நம்புவாயா? தோசைக் கிண்டல்தான் என் மண்டையில் நிறைந்திருந்தது.

மேனேஜர் வந்தார். “ஒன்பது ரிவிட்டுக்காகப் பாலம் விழுந்துடுமா? முத்திரையை அடி.”

“வுழாதுன்னு நீங்க எழுதிக் குடுங்க சார். உங்க பேரப் போட்டு.”

“உளி போட்டது யாரு?”

நீ என்னைப் பார்க்கவே இல்லை. “தெர்யாது சார்” என்றாய்.

முத்திரையை மேஜை மேல் வைத்துவிட்டு வீட்டுக்குப் போ என்றார் அவர். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் வைக்கிறேன் என்றாய். சொன்னபடியே வைத்தாய். நல்ல பிள்ளை மாதிரி துடைத்து, எண்ணெய் தடவி வைத்துவிட்டு, தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாய். இவ்வளவுதானா இவன் வீராப்பு என்று நான் நினைத்தேன், மன்னித்துவிடு.

ஏழாம் எண்ணை அடிக்க மேனேஜர் யாரைக் கூப்பிட்டார்? என்னைத்தான். முத்திரையைக் கர்டர் முனையில் வைத்து ஓங்கி அடித்தேன். தகட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இன்னொரு அடி. மூன்றாவது அடியில் முத்திரையைத் திருப்பிப் பார்த்தேன். ஏழின் கால் நசுங்கிச் சப்பையாகிக் கிடந்தது. கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் புரிந்தது. சாப்பாட்டு நேரத்தில் நீ அதை என் உலையில் பழுக்கப் போட்டு, சாம்பலில் புதைத்து மெள்ள ஆற விட்டிருக்கிறாய். அப்படி ஆறிய உருக்கு பதம் இழந்துவிடும், தன்னைவிடக் கெட்டியான எதையும் கடிக்காது. மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் சுத்தியலைப் பார்த்தேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

முத்திரை இல்லாமல் சரக்குப் போகாது. புது முத்திரையும் வேறு சோதனைக்காரரும் வர நாளாகும், அவர் கண்ணிலும் அந்த ஒன்பது வட்டம் படும். வேறு வழியில்லாமல் ஒன்பதையும் வெட்டி எடுத்துப் புதிதாக அடிக்கச் சொன்னார்கள். காற்றுக்குத் தட்டி மறைத்து, ஒவ்வொன்றையும் பழுக்கப் பழுக்க நானே அடித்தேன். அந்தப் பாலத்தின் மேல் என் பெண்சாதி எட்டு வருஷம் கூடை சுமந்தாள். உனக்கு வேலை போனது. எனக்கு எதுவும் போகவில்லை.

நீ காட்டுப்பள்ளிப் பக்கம் உப்பளத்துக்குப் போன பிறகு ஒரே ஒரு தடவை வந்து பார்த்தேன். உப்புத் தண்ணீரில் உன் பாதம் வெடித்துப் பாளம் பாளமாக இருந்தது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். நீ முந்திக்கொண்டாய்: “எடக்கை உளி வெட்டு எனக்குத் தெர்யாதா நைனா? பட்டறையில எடக்கைக்காரன் நீ ஒருத்தன்தான். வுடு. வட்டம் இரும்பு மேல போட்டது, ஒம்மேல இல்ல.” அதற்குப் பிறகும் மன்னிப்புக் கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. மீன் குழம்பைத் தின்றுவிட்டு வந்தேன்.

இப்போது சோதிக்கிறவன் நான். என் எண் பன்னிரண்டு. வியாசர்பாடிப் பக்கம் ரயில் பாதைக்கு மேலே ஜனங்கள் நடக்க ஒரு பாலம், அதற்குத்தான் இந்த நான்கு கர்டரும். பழைய மேனேஜர் கல்கத்தாவுக்கு மாறிப் போய்விட்டார். புதியவருக்கு உன் கதை தெரியாது. நான் சாயத்தைச் சுரண்டினேன். பதினாறு வட்டம் போட்டேன். அவர் அதே வார்த்தையைச் சொன்னார்: “உன்னால முடியாதுன்னா முத்திரையை மேஜை மேல வச்சுட்டுப் போ. நாளைக்கு நானே அடிச்சுக்கறேன்.”

“சாப்ட்டு வந்து வெக்கிறேன் சார்” என்றேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் என் பெண்சாதியிடம் சொன்னேன். உளி வெட்டு உட்பட. அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள். அவளுக்கு நீ எப்போதும் அண்ணன்தான்.

“இத்த அண்ணங்கைல சொன்னியாய்யா?”

“இல்ல.”

“வேல பூட்டா பூடட்டும். நான் திரும்பக் கரிக்கூட தூக்குறேன். நீ மொதல்ல அண்ணனுக்கு எழுது.”

“செத்தவனுக்கா?”

“உசுரோட இருந்தப்ப நீ எங்க சொன்ன?”

அதனால்தான் எழுதுகிறேன். உளி போட்டது நான். உன்னை உப்பளத்துக்கு அனுப்பியது என் வீம்பு. நீ பிழைக்கத் தெரியாதவன் இல்லை, நாங்கள் பிழைத்ததே உன்னால். இனி எவன் அப்படிச் சொன்னாலும் வாயை மூட மாட்டேன்.

நசுங்கிய ஏழாம் எண் முத்திரையை அன்றைக்கே மடியில் செருகிக்கொண்டு வந்துவிட்டேன், தெரியுமா? பதினோரு வருஷமாக என் இடுப்பில்தான் இருக்கிறது. இன்று மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போனதும், அதைக் கையில் பிடித்துக்கொண்டு உலைப் பக்கத்தில் குந்தியிருந்தேன். என் பன்னிரண்டாம் எண் முத்திரை பழுக்கக் காய்ந்து, சாம்பலுக்குள் ஆறும் வரை. பிறகு துடைத்து, எண்ணெய் தடவி, மேஜை மேல் வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

நாளைக் காலையில் அவர் சுத்தியலை எடுப்பார். அடிக்கட்டும்.