தோள்மேல் இருந்த கை

திருமழிசை,
வெள்ளிக்கிழமை

அன்புள்ள உம்மாவுக்கு முஜீப் ஸலாம் சொல்லி எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

கம்பெனி வாசலில் மெஷினிடம் முகத்தைக் காட்டினால்தான் வருகை பதிவாகும். அதில் ஏற்ற ஒரு படம் கேட்டார்கள். ஸ்டுடியோவுக்குப் போகச் சோம்பல்பட்டு, தங்கச்சி நிக்காஹ் படத்தில் என்னை மட்டும் வெட்டிக் கொடுத்தேன்.

நேற்று பஸ் நிறுத்தத்தில் ஒரு போலீஸ்காரர் எல்லோரையும் செல்போனில் படம் எடுத்தார். ஏதோ திருட்டாம், பயப்பட ஒன்றுமில்லை. என்னை எடுத்ததும் அவர் போனில் அதே நிக்காஹ் படம் வந்து நின்றது. கம்பெனியைத் தவிர யாருக்கும் நான் கொடுக்காத படம்.

"இன்னாபா, தோள் மேல ஒரு கை கீது? யாரு கை இது?" என்று விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"தெரியாது சார்" என்றேன். உங்கள் கையைத்தான் அப்படிச் சொல்லிவிட்டேன், வையாதீர்கள். அவர் சிரித்துக்கொண்டே என்னைப் போகச் சொன்னார்.

நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்புங்கள். பார்சலில் உங்கள் பெயர் வேண்டாம். இதையெல்லாம் போனில் பேசவும் வேண்டாம்.

கம்பெனி வண்டி வந்துவிட்டது. அந்தப் பச்சைக்கல் மோதிரத்தைக் கொஞ்ச நாள் கழற்றி வையுங்கள், உம்மா. படத்தில் அது நன்றாகத் தெரிகிறது.

முஜீப்