ஒரு மரத்தை மட்டும் விடுவார்களாம்

என் முருகேசு,

நீ எந்த மரத்தடியில் கிடக்கிறாய்? செடிகொடிகளின் பெயர் சொல்லிக் கொடுத்தே இத்தனை ஆண்டுகளாகச் சம்பளம் வாங்குகிறவள் நான். இந்த ஒரு மரத்தை மட்டும் காட்டத் தெரியவில்லை.

போன வாரம் கட்சால் தீவுக்குப் போயிருந்தேன். கிளார்க் வேலைக்கென்று போன நீ, தோட்டத்துப் பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்ட கட்சால். நீ பார்த்த கரை இப்போது இல்லை. சுனாமியில் தீவே தாழ்ந்து, ரப்பர் தோட்டத்தின் கீழ்ப்பகுதிக்குள் கடல் வந்து நின்றுவிட்டது. பட்டுப்போன ரப்பர் மரங்கள் உப்புத் தண்ணீரில் நிற்கின்றன. உன்னைப் புதைத்த மேடுதான் இன்றைக்குக் கரை.

அந்தக் கரையில் மரங்களை வெட்டிச் சுத்தம் செய்து, கப்பல் நிற்கும் ஜெட்டிக்கு ரோடு போடுகிறார்கள். அதற்காகத்தான் உன் மனைவி கமலா என்னைப் போர்ட் பிளேரிலிருந்து வரவழைத்தாள். உன் மகள் என்னோடுதான் இருக்கிறாள். நர்ஸ் வேலைக்குப் போகிறாள். எதைக் கேட்டாலும் உன்னைப் போலவே பதில் சொல்லாமல் சிரிக்கிறாள்.

உன் மனைவி வீட்டாரின் வழக்கம் உனக்குத் தெரியும். இலங்கை மலைத் தோட்டத்திலிருந்து வந்தபோதே கொண்டுவந்தது. புதைத்த கையோடு தலைமாட்டில் ஒரு பச்சைக் கம்பு ஊன்ற வேண்டும். அது துளிர்த்தால் போனவர் நிம்மதியாகப் போய்விட்டார். அலை வடிந்து, அதில் இறந்த உன்னைப் புதைத்தபோது, அவர்கள் உனக்கு மட்டுமல்ல, பக்கத்தில் புதைத்த, முகம் தெரியாதவர்களுக்கும் ஊன்றினார்கள். உனக்கு வைத்தது வேலியில் வெட்டிய பூவரசங்கம்பு என்கிறாள் கமலா.

ரோடு வேலையைப் பார்க்கும் மேஸ்திரி ஒரு பெங்காலி. கெட்டவர் இல்லை. "மேடம், ஏக் பேட் சோட் தேகா. கௌன்சா, போலோ" என்றார். ஒரு மரத்தை மட்டும் விட்டுவிடுவாராம், எது என்று காட்ட வேண்டுமாம்.

"நான் சொன்னா அந்தாளு சிரிக்கிறான் மதினி. நீங்க ஒரு வார்த்த இங்கிலீசுல சொல்லுங்க. பின்ன படிச்ச நாத்தனா எனக்கு எதுக்கு?" என்று கமலா என் கையைப் பிடித்து இழுத்துப் போனாள். அடிமரத்தில் மஞ்சள், விளக்குப் புகையேறிய கறுப்பு. "இந்தா பாருங்க, ஒங்க தம்பி."

இலையைத் திருப்பினேன். அடிப்பக்கம் வெளுத்து, மென்மயிர் படர்ந்திருந்தது. கீழே விழுந்த காய்கள் ஐந்தாக வெடித்துக் கிடந்தன. முருகேசு, அது பூவரசே இல்லை. நீர்ப்பருத்தி. அதே மாதிரி இலை, அதே மஞ்சள் பூ. மலையில் பிறந்து வளர்ந்த குடும்பம், இரண்டையும் ஒன்றென்று நினைத்ததில் வியப்பில்லை. ஆனால் கொஞ்சம் தள்ளி, தாழைப் புதருக்குப் பின்னால், அசல் பூவரசு ஒன்று நின்றது. அதற்கு யாரும் மஞ்சள் பூசவில்லை.

கம்பு வெட்டிய அன்றே கமலா பெயரைத் தவறாகச் சொல்லியிருந்தால், நீ அவள் விளக்கு வைத்த இடத்தில்தான் இருக்கிறாய். உண்மையிலேயே பூவரசங்கம்புதான் என்றால், அந்த விளக்கு இத்தனை வருடமும் வேறு யாருக்கோ எரிந்தது. இரண்டின் விதைகளும் கடலில் மிதந்து வந்து கரையில் தானாகவே முளைப்பவை. உன் கம்பு துளிர்க்காமலே மக்கியிருக்கவும் கூடும்.

சொல்லாமல் இருந்திருக்கலாமோ? சொல்லிவிட்டேன்.

"அப்ப நான் யாருக்கு மதினி வெளக்கு வச்சேன்?"

"தெரியல கமலா."

"தெரியலன்னு சொல்றதுக்கா கப்பலேறி வந்தீங்க?"

அன்று ராத்திரி சோறு போட்டாள், பக்கத்தில் உட்காரவில்லை.

மறுநாள் காலை மிஷின் வந்தது. மேஸ்திரி என் முகத்தைப் பார்த்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கமலா அந்த நீர்ப்பருத்தியின் முன்னால் போய் நின்றாள். "யே வாலா", இதுதான் என்றாள் அவரிடம். பிறகு என் பக்கம் திரும்பி, "ஒங்க தம்பிக்கு நாம இருக்கோம். இது அவரு இல்லன்னா, இதுக்கு யாரு இருக்கா?" என்றாள்.

பூவரசை வேரோடு சாய்த்தார்கள். அவள் பார்க்கவில்லை. நான் குழியின் விளிம்பில் போய் நின்றேன். ஈர மணல், பவளக்கல், அறுந்த வேர்கள். எலும்பு என்று சொல்லும்படி எதுவும் கண்ணில் படவில்லை. நன்றாகப் பார்ப்பதற்குள் அடியிலிருந்து கடல் தண்ணீர் ஊறி, குழி நிறைந்துவிட்டது. "பஸ், மேடம்?" போதுமா என்று கேட்டார் மேஸ்திரி. போதும் என்று தலையசைத்தேன். மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

வருடா வருடம் கப்பலேறி வருவேன், முருகேசு. விளக்குக்கு எண்ணெய் இனி என்னுடையது. அங்கே கிடப்பது நீதான் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
மரகதம்