நடு சீட்டில் ஒருவர்

செப்டம்பர் 14, 2005

மழைக்கு முன்னால் அளத்தில் உப்புக் குவியல்களுக்குக் கீற்று மூடினார்கள். மகள் சங்கீதா டொரன்டோவிலிருந்து பேசினாள். நவம்பரில் பிரசவம். அம்மா அப்பா இரண்டு பேரும் வந்தாக வேண்டுமாம்.

அவள் அப்பாவோடு நான் பேசி ஆறு மாதமாகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. என்னைக் கேட்காமல் என் பசுவை விற்ற மனிதர். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால், வேலைக்கு வரும் கொளஞ்சி மூலம்தான். விமானத்தில் கொளஞ்சிக்கு எங்கே போவது?

அக்டோபர் 9

நாளைக்குக் கிளம்புகிறோம். அவர் பெட்டியை அவர் கட்டினார், என் பெட்டியை நான்.

அக்டோபர் 11

லண்டனில் அடுத்த விமானத்துக்குக் காத்திருக்கிறோம். தேதி சரிதானா தெரியவில்லை.

வந்த விமானத்தில் எனக்குச் சன்னல் ஓரம். நடுவில் ஒரு வெள்ளைக்காரர், கனத்த உடம்பு. அந்தப் பக்கம் இவர். வெள்ளைக்காரர் இடம் மாறித் தருவதாகக் கை காட்டினார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாமென்று தலையாட்டினோம். வெகு நாளைக்குப் பிறகு ஒத்துப்போனது அதில்தான்.

முன்சீட்டு சாய்ந்து என் மடிக்கே வந்துவிட்டது. கால் வீங்கிச் செருப்புக்குள் போகவில்லை. கழிப்பறைக்குப் போயாக வேண்டும். "அவர எந்திரிக்கச் சொல்லுங்க" என்றேன் வெள்ளைக்காரரிடம், தமிழில்தான். வெள்ளைக்காரர் இவருடைய தோளைத் தட்டி என்னைக் காட்டினார். கொளஞ்சியைவிடச் சுருக்கமாக முடித்தார்.

திரும்பி வந்தால் காபி. இவர் ஒரு பொட்டலத்தைக் கிழித்துக் கொட்டிக் கலக்குகிறார் — உப்பு. முப்பது வருஷமாக உப்பளம் நடத்துகிறவர். ஒரு வாய் குடித்தார். முகம் மாறாமல் இன்னொரு வாய். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை, கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"நம்ம ஊரு உப்பு மாதிரி இல்ல" என்றார் வெள்ளைக்காரரிடம்.

"சக்கர அப்பிடியே கெடக்குது பாருங்க" என்றேன் இவரிடம். வாய் முந்திக்கொண்டது.

வெள்ளைக்காரர் தூங்கியதும் அவருக்குக் குறுக்கே எட்டிக் கேட்டேன்: "மாட்ட ஏன் கேக்காம வித்தீங்க?"

"கேட்டா குடுத்திருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கல. புல்லுக்கட்டு தூக்கித் தூக்கி ஒனக்கு இடுப்பு போச்சி. சொன்னா கேக்கறியா நீ?"

இடுப்புக்காகவா? இத வீட்லயே சொல்றதுக்கு என்ன? கோபம் போய்விடவில்லை. கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பத்து மணி நேரம் அந்தச் சீட்டில் உட்கார்ந்த பிறகு, இடுப்பு விஷயத்தில் அவர் சொல்வதை மறுக்க முடியவில்லை.

நவம்பர் 20

பெண் குழந்தை. மூக்கு அவருடையது. அவரிடமே சொன்னேன்.

ஜனவரி 8, 2006

அளத்தில் வேலை தொடங்க வேண்டுமென்று அவர் மட்டும் ஊருக்குப் போனார்.

மார்ச் 19

தனியாகத் திரும்பினேன். பக்கத்தில் யாருமில்லை, காலை நீட்டிப் படுத்து வந்தேன். எதிர்வரிசையில் ஒருவர் குறட்டை விட்டு அவரே திடுக்கிட்டு விழித்தார். சொல்லிச் சிரிக்க ஆளில்லை.

மீனம்பாக்கத்துக்கு இவர் வாடகைக் கார் எடுத்துக்கொண்டு வந்திருந்தார். ஏறியதிலிருந்து நான்தான் பேசினேன் — பனி, மாப்பிள்ளை சமையல், பேத்தி குப்புற விழுந்தது. 'உம்' கொட்டிக்கொண்டே வந்தவர் கல்பாக்கம் தாண்டியதும் தூங்கிவிட்டார். நான் நிறுத்தவில்லை.